செத்த நேரம் சமாளி, அப்பு

சாணார்பட்டி,
9.2.2025

அன்புள்ள பிராங்கிளின் அண்ணனுக்கு,

சூர்யகலா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். அப்படி எழுதக் கை வரவில்லை. நீங்களாவது சார்ஜாவில் சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பழைய நம்பர் போகவில்லை. அல்போன்சா அண்ணியிடம் கேட்டுப் புது நம்பருக்கு அடித்தேன். முதல் நாள் மணி அடித்தது. மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. போன வாரம் டூட்டி முடிந்து டவுனில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு முகமது பாரூக் பாய் லீவு முடிந்து சார்ஜாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தால் உங்கள் கையிலேயே சேர்த்துவிடுவார் என்று செபாஸ்தியம்மாள் அம்மாதான் யோசனை சொன்னார்கள். அதனால்தான் காகிதமும் பேனாவும். அம்மா நன்றாக இருக்கிறார்கள். முட்டிவலிக்கு நான் வாங்கிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் தைலமே தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

என் வீட்டுக்காரரை, உங்கள் தம்பியைப் பற்றித்தான் எழுத வேண்டும். கூடப் பிறக்காவிட்டாலும் அவரை நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். அவர் விமான இன்ஜினியர் லைசென்ஸ் பரீட்சை எழுதும்போது ஒவ்வொரு பேப்பருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் வேலைக்குச் சேர்த்துவிட்டது நீங்கள். ஷிப்ட் மேனேஜராக அவருக்கு மேலே இருந்ததும் நீங்கள்தான். ‘பிராங்கிளின் அண்ணன் இல்லேன்னா நான் இந்நேரம் மல்லியப்பூப் பறிச்சுக்கிட்டு இருப்பேன்’ என்று கல்யாணமான புதிதில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இப்போது தோட்டத்துக்கும் போவதில்லை. கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

தீபாவளிக்கு முன்னால் அவர் பார்த்து அனுப்பிய அந்த விமானம் பாதியில் திரும்பி வந்து இறங்கியதோடு அவருடைய பேச்சு நின்றுவிட்டது. கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒரு வார்த்தை கிடையாது. மதுரைக்குப் போகும் விமானங்கள் எங்கள் ஊருக்கு மேலேதான் தாழ்ந்து போகின்றன. அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறார். கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்கிறார். ஒரு நாள் விடியற்காலை அவரைக் காணோம் என்று தேடினால், பூ ஏற்றிப் போகும் ஆண்டிச்சாமி மச்சானின் லோடு ஆட்டோவுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ‘கொக்கி போட்டிருக்கான்னு பாக்குறேன்’ என்றார். எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னார். விமான இன்ஜினைச் சுற்றியிருக்கும் மூடியின் கொக்கிகள் அடிவயிற்றில் இருக்குமாம். மூடி சும்மா சாத்தியிருந்தாலும் நின்று பார்த்தால் பூட்டியது போலத்தான் தெரியுமாம். தரையில் மல்லாந்து படுத்தால்தான் தெரியுமாம். அன்றைக்கு அவர் படுத்துப் பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. கையெழுத்துப் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

உயிர்ச்சேதம் இல்லை, மாதாவுக்கு நன்றி சொல்லு என்று உங்கள் அம்மா சொல்கிறார்கள். மூடி பிய்ந்து இறக்கையில் அடித்தும் பைலட் பத்திரமாக இறக்கிவிட்டார். பயணிகளை அவசரக் கதவு வழியாகச் சறுக்கி இறக்கும்போது ஒரு வயதான அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அந்த அம்மாவின் பெயரும் ஊரும் இவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவங்க நடக்கிறாங்களா என்று என்னிடம் கேட்கிறார். நர்ஸ் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார் போல.

அடுத்த மாதம் சென்னையில் விசாரணை. டெல்லியிலிருந்து விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அலுவலகத்தின் அதிகாரிகள் வருகிறார்கள். அந்தக் குழுவில் இருக்கும் ரீனா மேடம் தமிழ் தெரிந்தவர். இரண்டு முறை வீடியோவில் இவரோடு பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அதட்டவில்லை. ‘யார் செஞ்சாங்கன்னு எங்களுக்கு முன்னாலேயே தெரியும். ஏன் நடந்ததுன்னுதான் தெரியணும். ஒரு நல்ல இன்ஜினியர் அன்னிக்கு மட்டும் ஏன் குனிஞ்சு பாக்கல?’ என்று கேட்டார். கம்பெனி கொடுத்த விவரப்படி இவர் இரவு ஷிப்ட் முடித்து ரூமுக்குப் போய்த் தூங்கிவிட்டு, தெளிவாக வந்து வேலை பார்த்திருக்கிறார். ஆட்களின் களைப்பைக் கவனித்து வேலை பிரிப்பதுதான் சட்டம், கம்பெனி அதைச் செய்ததாகச் சொல்கிறது, அது சரியா என்று மேடம் கேட்டார். இவர் சரி என்றார்.

அண்ணே, அது சரியில்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையில் வார்டு ரவுண்ட்ஸ் முடிந்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்க அவருக்குப் போன் அடித்தேன். எடுத்து, ‘செத்த இரு’ என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கட் பண்ணவில்லை. அவர் சொன்னது முழுக்கக் கேட்டது. ‘அண்ணே, ராத்திரி பூரா நின்னாச்சு. கண்ணு சொருகுதுண்ணே. படிச்ச வரியவே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வேற யாரையாச்சும் போடுங்கண்ணே.’ அதற்கு நீங்கள் சொன்னதும் கேட்டது. ‘ஆளு இல்லடா. மேல இருந்து போன் மேல போனு வருது. ஒண்ண முடிச்சுட்டு அடுத்த பிளேனப் பாரு. இன்னும் செத்த நேரம் சமாளி, அப்பு.’ அதற்குள் எனக்கு ஒரு பேஷண்ட் வந்துவிட்டார். போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் கெட்ட மனசோடு சொல்லவில்லை. உங்கள் குரலிலும் தூக்கம் இருந்தது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், வேறு யாருக்கும் எழுதவில்லை.

நான் கேட்டதைச் சென்னையில் சொல்லிவிடுகிறேன் என்று இவரிடம் சொன்னேன். அன்றுதான் எழுந்து உட்கார்ந்து பேசினார். ‘அண்ணன் இப்பத்தான் வெளிநாட்டுல கால் ஊனியிருக்காரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. எங்க ரெண்டு வீட்டுல ஒரு வீட்டுலயாச்சும் வெளக்கு எரியட்டும்’ என்றார். சொன்னதோடு விடவில்லை. எங்கள் மகள் தமிழ்மதியின் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை மீற எனக்குத் தைரியம் இல்லை. மீறினாலும், பொண்டாட்டி புருஷனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள். நீங்கள் சொன்னால்தான் எடுபடும்.

ஹேங்கரில் நீங்கள் ஒரு வகுப்பு எடுப்பீர்களாம். மனுஷன் எப்படியெல்லாம் தப்பு செய்வான் என்று. களைப்பு, அவசரம், பாதியில் கூப்பிடுவது, கேட்கக் கூச்சப்படுவது என்று வரிசையாகச் சொல்வீர்களாம். லீவில் வந்தபோது இவர் தமிழ்மதிக்கு அதைப் பாடம் மாதிரி நடத்தினார். ‘முடியலேன்னா முடியலேன்னு சொல்றவன்தான் நல்ல இன்ஜினியர்’ என்பது நீங்கள் சொன்ன வாக்கியம் என்று பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னார் அண்ணே. முடியவில்லை என்று உங்களிடம்தான் சொன்னார்.

சென்னைக்கு நீங்கள் வர வேண்டியதில்லை. வீடியோவில் பேசினால் போதும் என்று மேடம் சொன்னார். இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். அவர் ரூமுக்குப் போகவில்லை என்பது ஒன்று. முடியவில்லை என்று சொன்னார் என்பது ஒன்று.

தோட்டத்தில் இருந்த பூச்சி மருந்து டப்பாக்களையெல்லாம் ஆண்டிச்சாமி மச்சான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் ஆண்டவர் காக்கட்டும். பதிலை எதிர்பார்த்து,

உங்கள் தங்கை
சூர்யகலா


சாணார்பட்டி,
2.3.2025

பிராங்கிளின் அண்ணனுக்கு,

கடிதம் கைக்கு வந்ததும் நீங்கள் அம்மாவிடம் போனில் பேசினீர்கள் என்று தெரிந்துகொண்டேன். அம்மா அந்த முட்டியோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் படுத்திருந்த பாயிலேயே உட்கார்ந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கிளம்பும்போது, ‘அவனுக்கு அங்க வேல கூடுதலாம் தாயீ’ என்று மட்டும் சொன்னார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை என்னிடம் சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் வரவில்லை. பஸ் வரை கூடப் போனேன். ஏறும்போது என் கன்னத்தைத் தடவினார்கள். நீங்கள் பேசப்போவதில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதுகிறேன். மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை இவர் வீட்டில் இல்லை. நான் டூட்டியிலிருந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. போனை வைத்துவிட்டுப் போயிருந்தார். செருப்பும் கிடந்தது. தோட்டம் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தோம். ஆண்டிச்சாமி மச்சான் என் முகத்தைப் பார்க்காமல், ‘நீ வீட்டுக்குப் போம்மா’ என்றார். நான் போகவில்லை. கிணற்றில் ஆளை இறக்கினார்கள். கயிறு உள்ளே போவதையும், அந்த ஆள் தண்ணீருக்குள் முங்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேலே வந்து மூச்சு வாங்கி, இல்லை என்று கையை ஆட்டினார். மறுபடி முங்கினார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பார்த்தவள் நான். அந்தக் கிணற்றடியில் நின்ற மாதிரி எங்கேயும் நின்றதில்லை.

பிறகு கொடைரோடு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அங்கே ரயிலில் பூக்கூடை ஏற்றுகிறவர் ஒருவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும். உங்க வீட்டுக்காரர் வெறுங்காலோடு பிளாட்பாரத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். பக்கத்திலேயே இருங்கள், ஒரு நிமிஷம் கூட நகராதீர்கள் என்று கத்தினேன். லோடு ஆட்டோவில்தான் போனோம். வழியெல்லாம் மச்சான் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார்.

இவர் அங்கேதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தார். ‘பெங்களூருக்குப் போறேன் கலா. ஒரு தடவ போயிக் குனிஞ்சு பாத்துட்டு வந்துர்றேன். கொக்கி போட்டுட்டேனான்னு ஒரே ஒரு தடவ’ என்றார். அந்த விமானம் என்றைக்கோ பறந்து, இறங்கி, ரிப்பேர் பார்த்து, மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சரி, அப்புறம் போகலாம், முதலில் சாப்பிடுவோம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். டிக்கெட் எடுத்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

திண்டுக்கல்லில் மனநல டாக்டரிடம் காட்டியிருக்கிறோம். மாத்திரையில் கொஞ்சம் தூங்குகிறார். டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, இவரை ஒற்றையாக விட வேண்டாம் என்றார். நான் லீவு போட்டிருக்கிறேன். தமிழ்மதியை என் அம்மா வீட்டுக்குப் பழனிக்கு அனுப்பிவிட்டேன். அப்பா ஏன் பேச மாட்டேங்கிறார் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணே, நீங்கள் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? இவருடைய லைசென்ஸ் போகும். அதை விடுங்கள். ஒரு ஆளைப் பிடித்தாயிற்று, கழித்துவிட்டாயிற்று என்று எல்லோரும் கையைக் கழுவிக்கொள்வார்கள். அதே ஹேங்கரில் அதே ஷிப்டில் வேறொருவர் இரவெல்லாம் நின்று, கண் சொருகி, அதே கொக்கிக்குக் கீழே நிற்பார். எங்கள் ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒன்று நடந்தது. பொட்டாசியம் குப்பியும் உப்புநீர்க் குப்பியும் ஒரே நிறத்து மூடியோடு ஒரே தட்டில் இருக்கும். ஒரு சிஸ்டர் மாற்றி எடுத்துவிட்டாள். ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் பார்த்துவிட்டதால் பேஷண்ட் பிழைத்தார். அவளை அன்றே நிறுத்தினார்கள். தட்டை யாரும் மாற்றவில்லை. அவளுக்குப் பதிலாக வந்தவளும் அதையே எடுத்தாள். அதற்கப்புறம்தான் தட்டை மாற்றினார்கள். உங்கள் தொழிலில் அந்த இரண்டாவது தடவை வந்தால் எத்தனை குடும்பம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வகுப்பை எடுத்தவர் நீங்கள்.

‘ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு’ என்று அம்மாவிடம் சொன்னீர்களா, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அதுவும் நியாயம்தான். இதே வார்த்தையைத்தான் உங்களுக்காக இவரும் சொன்னார். அதைப் போன தடவையே எழுதியிருந்தேன். மறுபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

விசாரணை பதினெட்டாம் தேதி. இவரைக் கூட்டிக்கொண்டு நான் போகிறேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் வாய் இல்லை. உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

அம்மாவுக்காக, இதை நல்ல மனசோடு முடிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. உங்களுக்கு நல்ல தூக்கம் வரட்டும் அண்ணே.

சூர்யகலா


சாணார்பட்டி,
11.4.2025

என் பிராங்கிளின் அண்ணனுக்கு,

இதைப் பாரூக் பாய் வழியாகவே அனுப்புகிறேன். போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், அவர் காகிதத்தில் எடுத்துத் தருவார். நீங்கள் பிரிக்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். பாய், இந்த இடத்தில் நிறுத்தாதீர்கள், தொடர்ந்து வாசியுங்கள்.

அண்ணே, விசாரணை நடந்த அன்று அந்த அறையில் நான் இருந்தேன். இவருடைய உடல்நிலையைச் சொல்லி என்னையும் ஓரமாக உட்கார விட்டார்கள். உங்கள் முகம் அங்கே எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

கம்பெனியிலிருந்து வந்தவர்கள் முதலில் பேசினார்கள். தவறைச் சொல்கிறவர்களுக்குத் தண்டனை இல்லை என்று ஹேங்கரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைக் கூடக் காட்டினார்கள். எங்கள் பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் சரியாக இருந்தது, இவர் ஒருவர்தான் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்றார்கள். ரீனா மேடம் இவரிடம், உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இவர் எழுந்து நின்று, தப்பு என்னுடையது மட்டும்தான் என்றார். நன்றாகத் தூங்கினீர்களா என்று மேடம் திருப்பிக் கேட்டார். தூங்கினேன் என்றார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேடம், இன்னும் ஒருவர் பேச வேண்டுமென்று தானாகவே கேட்டிருக்கிறார் என்று சொல்லித் திரையைப் போடச் சொன்னார். தாடியோடு உங்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் தெரியவில்லை. நான் கேட்டது இரண்டு வாக்கியம். நீங்கள் அதோடு நிறுத்தவில்லை. கம்பெனி ஆட்களைக் குறைத்ததையும், பத்தாது என்று மேலிடத்தில் நீங்கள் முறையிட்டபோது அவர்கள் சிரித்ததையும் சொன்னீர்கள். வீட்டுக்கே போகாதவர்களைப் போய்த் தூங்கி வந்ததாக உங்கள் கையாலேயே எழுதியதையும், அது இவருக்கு மட்டும் நடந்ததில்லை என்பதையும் சொன்னீர்கள். கடைசியில், ‘முடியலேன்னு அவன் சொன்னான். வகுப்புல நான் சொல்லிக்குடுத்தபடியே சொன்னான். நான்தான் கேக்கல’ என்றீர்கள்.

இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ‘வேணாம்ணே, அண்ணே, வேணாம்ணே’ என்று திரையைப் பார்த்துக் கத்தினார். மாதக்கணக்கில் அவருக்குள்ளே அடைத்துக்கொண்டு இருந்த குரல் அது. மேடமே வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா? அதற்குள் உங்கள் பக்கம் அணைந்துவிட்டது.

முடிவு வந்துவிட்டது. இவருடைய லைசென்ஸை ரத்து செய்யவில்லை. டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஷிப்டுக்கு ஆளும் ஓய்வும் சரிசெய்து காட்டாமல் கம்பெனி புதிதாக எந்த விமானத்தையும் வேலைக்கு எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அங்கிருக்கும் மெக்கானிக் ஒருவர் இவருக்குப் போன் பண்ணி, ‘நேத்து வீட்டுக்குப் போயித் தூங்குனேண்ணே’ என்று சொல்லியிருக்கிறார். இவர் போனை வைத்துவிட்டு அழுதார். கூடத்தில் உட்கார்ந்து, சாதாரணமாக மனுஷர்கள் அழுகிற மாதிரி அழுதார்.

விமான வேலைக்கான உங்கள் அங்கீகாரம் போனதும் தெரியும். சார்ஜா கம்பெனி உங்களை நிறுத்தியதும் தெரியும். பாரூக் பாய்தான் சொன்னார். அதற்கப்புறம் நீங்கள் ரூமை விட்டு வெளியே வருவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறீர்கள், சாப்பாட்டைத் தொடுவதில்லை, போனை அணைத்து வைத்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். மனுஷன் வேலை போன வருத்தத்தில் இருக்கிறார், சரியாகிவிடும் என்றார். பாயிடம் நான் இரைந்துவிட்டேன். அவரை ஒரு நிமிஷம் கூடத் தனியாக விடாதீர்கள், உங்கள் ரூமுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் பயந்துபோய்ச் சரி என்றார். எத்தனையாவது மாடி என்று கேட்டேன். சொன்னார். கீழ்த்தளத்தில் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அல்போன்சா அண்ணியைப் பார்க்க நானும் இவரும் போனோம். அண்ணி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, ‘ஒங்க வீட்டுக்காரரக் காப்பாத்திட்டீகள்ல, போங்க’ என்றார். அதில் ஒரு தப்பும் இல்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். வாசற்படியிலேயே செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். உள்ளே உங்கள் சின்னவள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் உங்கள் பெயர் வந்தது. அம்மாவுக்கு நீங்கள் பேசியதும் வேலை போனதும் மட்டும்தான் தெரியும். நீங்கள் இப்படிப் படுத்துக் கிடப்பது தெரியாது. ‘எம் பிள்ள உண்மையச் சொன்னான்’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணே, போன கடிதத்தில் என்னென்னவோ எழுதினேன். எழுதியது எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. எடுத்தால் நீங்கள் பேசியதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். ஆனால் ஒரு வீட்டில் விளக்கை ஏற்றுவதற்காக இன்னொரு வீட்டில் அணையட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. நீங்கள் பேசினால் போதும் என்றுதான் இருந்தது. பேசிய பிறகு உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் அதன் பக்கத்தில் படுத்திருந்தேன். எல்லோருக்கும் பாரமாகிவிட்டோம், நாம் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி என்று அது காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும். அது பொய். வியாதி பேசுகிற பேச்சு. இவருக்கு மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் உங்களைப் பற்றியும் சொல்லி வைத்திருக்கிறேன். வந்த அன்றே பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

இவர் நேற்று ஒன்று சொன்னார். ‘அண்ணன் வர்ற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு நான் போறேன்’ என்றார். மதுரையோ திருச்சியோ, எந்த ஊர் டிக்கெட் என்றாலும் சரி. அந்த வாசலுக்குள் காலை வைப்பதற்கு அவருக்கு எவ்வளவு திராணி வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போக முடியுமா என்று கேட்டேன். ‘தெரியல. அவரு வந்தா போயிருவேன்’ என்றார். இரண்டு நாளாகச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார்.

பாய் கூடவே கிளம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் லீவு கேட்டாயிற்று. நீங்கள் எழுந்து, முகம் கழுவி, அவர் பின்னாலேயே நடந்து வந்தால் போதும். வேறு எதையும் இப்போது யோசிக்க வேண்டாம். வேலையைப் பற்றி, அண்ணியைப் பற்றி, ஊர் பேசுவதைப் பற்றி எதையும் யோசிக்க வேண்டாம்.

உங்கள் மாதா உங்களை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். அம்மாவிடம் நீங்கள் வருகிறீர்கள் என்று நான் சொல்லிவிட்டேன். கேட்காமல்தான் சொன்னேன். அதற்காக என்மேல் கோபம் வரலாம். அந்தக் கடிதங்களுக்காகவும் வரலாம். இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள் அண்ணே. என் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, அக்கம்பக்கம் கேட்க என்னைத் திட்டுங்கள். திட்டுவதற்காகவாவது வந்துவிடுங்கள்.

காத்திருக்கும் தங்கை
சூர்யகலா